ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, பின்வரிசையில் இன்னும் வடையை முடிக்காத நண்பர்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம்.

‘இங்கிலாந்தின் பாத் நகரைப் பார்க்கப் போகிறவர்கள் தங்க வேண்டியது ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியிலா?’ இதுதான் தலைப்பு. ‘ஊருக்குள்ளேதான்’ என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் வந்த வேகத்தில் மூன்று குண்டு போட்டார். கார் நிறுத்த இடம் கிடைக்காது, வாடகை கொள்ளை, சனிக்கிழமை ராத்திரி கண் மூட முடியாது. நாலாவதாகப் போட்டது அணுகுண்டு. ‘அந்தக் காலத்துச் சீமான்களே பழைய ஊருக்குள் இருக்கப் பிடிக்காமல் மேட்டில் போய் ராயல் கிரசென்ட் என்ற பிறை வடிவ வீட்டு வரிசையைக் கட்டிக்கொண்டார்கள், நீ யார் கீழே தங்க?’ என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி. பாத்துக்கு நாம் எதற்குப் போகிறோம்? பெயரிலேயே குளியலை வைத்திருக்கிற ஊர். மெண்டிப் குன்றுகளில் எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் பெய்த மழை, பூமிக்குள் மூன்று நாலு கிலோமீட்டர் ஆழம் போய், அங்கே சூடேறி, பாறைப் பிளவு வழியாக மேலே வருகிறது. கிங்ஸ் ஸ்பிரிங் என்கிற ஓர் ஊற்றில் மட்டும் ஒரு நாளைக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர், 46 டிகிரி சூட்டில். முதலாம் நூற்றாண்டில் வந்த ரோமானியன் இதைப் பார்த்துவிட்டு, சூலிஸ் மினெர்வா என்று அம்மனுக்குப் பெயர் வைத்து, கோயிலும் குளியல் கூடமும் கட்டினான். அவன் மலையில் கட்டவில்லை நடுவர் அவர்களே. தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கே கட்டினான். குற்றாலத்துக்குப் போகிறவன் அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் அறை எடுப்பானா, வேறு ஊரில் எடுத்துவிட்டு ஆட்டோ தேடுவானா?

அந்த ரோமானியக் குளத்தில் இப்போது யாரும் இறங்க முடியாது. பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். 1978-ல் தண்ணீரில் இருந்த அமீபாவால் ஒரு சிறுமி இறந்துபோனதால் ஊரில் ஊற்றுநீர்க் குளியலையே நிறுத்திவிட்டார்கள். பிறகு புதிதாகக் குழாய்க் கிணறு இறக்கி, 2006-ல் தெர்மே பாத் ஸ்பா திறந்தார்கள். மொட்டைமாடியில் வெந்நீர்க் குளம், கழுத்தளவு தண்ணீரில் நின்றால் எதிரே ஆபி தேவாலயத்தின் கோபுரம். ஒரு சுற்று என்பது 2 மணி நேரம். 16 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. இந்த இரண்டு விதியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதையே இதில்தான் இருக்கிறது.

மூன்று வருடம் முன்னால், நவம்பர் மாதம். எதிரணி அண்ணன் சொன்ன அதே நியாயத்தை நம்பி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் அறை எடுத்தேன். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். பண்ணை வீட்டைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமான மனிதர்கள், காலையில் முட்டையை எப்படிக் கேட்டாலும் போட்டுத் தந்தார்கள். ஆனால் ஊருக்குள் வந்து குளிக்க வேண்டும். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். சரி, நான் முதலில் போகிறேன், வந்ததும் நீ போ. இரண்டும் இரண்டும் நாலு மணி நேரம். அறை பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் கட்டிலில் படுத்து டிவி பார்த்திருப்பார்கள். எங்களுக்கு அறை மலைக்கு அந்தப் பக்கம். நாலு மணி நேரமும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு கேக், நாலு ஹாட் சாக்லேட், இரண்டு சண்டை.

என் மனைவி வெளியே வரும்போது இருட்டிவிட்டது. வெந்நீரில் இரண்டு மணி நேரம் கிடந்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கை கால் எல்லாம் அவிழ்ந்த மாதிரி, அப்படியே போய்ப் படுத்தால் சொர்க்கம். நாங்கள் என்ன செய்தோம்? ஈரத் தலையோடு கார் பார்க்குக்கு நடந்தோம். விளக்கே இல்லாத, ஒரே ஒரு வண்டி மட்டும் போகிற சந்துகளில் ஓட்டினேன், எதிரே ஒரு டிராக்டர், பின்னால் போ, முன்னால் வா. வீடு வந்து சேர்ந்ததும் அம்மா, ‘தம்பி, என் சால்வையைக் காபிக் கடையில விட்டுட்டேன்டா’ என்றார். மனைவி ஒரே வரியில் தீர்ப்பு எழுதினாள்: ‘குளிச்ச சுகம் எல்லாம் கியர் மாத்தினதுலயே போச்சு.’

(சால்வை தொலைத்தது அம்மா மட்டும் இல்லை. ரோமானியர் காலத்தில் டோசிமெடிஸ் என்று ஒருவன் இரண்டு கையுறையைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று தகட்டில் எழுதி அம்மனுக்குப் போட்டிருக்கிறான். அந்தச் சாபத் தகடுகள் சுமார் 130 கிடைத்திருக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன், ‘தகடு எங்கடா விக்கிது?’ என்று கேட்டார்.)

இப்போது அண்ணனுடைய அணுகுண்டு. ராயல் கிரசென்ட். 1767-ல் தொடங்கி 1774-ல் முடித்தார்கள், கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் கட்டியது, 30 வீடு, 114 தூண். மேட்டில்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சீமான் குளிக்க எப்படி வந்தான் என்பதை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். நடந்தா வந்தான்? நாற்காலிப் பல்லக்கு! முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். குளித்து முடித்த நோயாளியைத் துணியில் சுற்றி, பல்லக்கில் வைத்து, வாசலில் கூட இறக்காமல் நேரே படுக்கையறைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கினார்கள். அண்ணே, அந்த இரண்டு பேரை நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் மலையில் தங்குகிறேன்.

பல்லக்குக்குக் காசு இல்லாதவன் என்ன செய்தான்? ஊற்றுக்குப் பக்கத்திலேயே தங்கினான். 12-ஆம் நூற்றாண்டிலேயே கிராஸ் பாத் என்கிற இன்னொரு ஊற்றை ஒட்டி, ஏழை நோயாளிகளுக்காக செயின்ட் ஜான்ஸ் என்று ஒரு தரும விடுதி கட்டினார்கள். இன்றைக்கும் அந்தத் தருமம் அதே இடத்தில் நடக்கிறது. 1726-ல் சாண்டோஸ் பிரபு வைத்தியத்துக்கு வந்தார். கிடைத்த விடுதி அவருக்குப் பிடிக்கவில்லை. கையில் பணம் இருந்தது, மலைக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இளையவரின் அப்பா மூத்த ஜான் வுட்டைக் கூப்பிட்டு, அதே செயின்ட் ஜான்ஸ் மனையில், ஊற்றுக்குப் பக்கத்திலேயே நல்ல விடுதி கட்டச் சொன்னார். கட்டின விடுதியில் கழிப்பறை நாறி இரண்டு பேருக்கும் சண்டை வந்தது, அது வேறு விஷயம். இடத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை.

எதிரணி அக்கா நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினைத் துணைக்கு அழைத்தார்கள். 1801-ல் அவர் குடும்பம் வீடு தேடியபோது ஆற்றோரம் கிரீன் பார்க் வீடுகளைப் பார்த்துவிட்டு ஈரம் என்று வேண்டாம் என்றார்கள், ஆகவே பள்ளத்தில் தங்காதே என்றார்கள் அக்கா. உண்மை. ஆனால் அடுத்து அவர்கள் போனது எங்கே? பல்ட்னி பாலத்தைத் தாண்டி, சிட்னி பிளேஸ் 4-ஆம் எண் வீடு. சமதளம். அகலமான கிரேட் பல்ட்னி தெருவில் ஏற்றம் இறக்கம் இல்லாமல் நடந்தால் கால் மணி நேரத்துக்குள் ஊற்றுக்கு வந்துவிடலாம். அக்கா, அது எங்கள் அணி வீடு! ‘ஊருக்குள்’ என்று நாங்கள் சொல்வதே இதைத்தான். ஆபி வாசலிலேயே படுக்கச் சொல்லவில்லை. ஈரத் தலையோடு, ஏறாமல் இறங்காமல் நடந்து வருகிற தூரத்துக்குள் இருங்கள் என்கிறோம்.

கார்? லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். பொறியாளர் புரூனெல் கட்டி 1840-ல் திறந்த நிலையம், இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஆபி. பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறது. போகிறபோக்கில் அண்ணன் ‘ஊருக்குள் போனால் புகைக் கட்டணம் பிடுங்குவான்’ என்று வேறு பயமுறுத்தினார். 2021-ல் வந்த அந்தக் கட்டணம் பழைய வேனுக்கும் லாரிக்கும் டாக்ஸிக்கும்தான், உங்கள் சொந்தக் காருக்கு இல்லை அண்ணே.

வாடகை விஷயத்தில் அண்ணன் பேசியது நியாயம்தான். சனிக்கிழமையும், கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிற வாரங்களும் யானை விலை. ஆகவே செவ்வாய், புதன் போங்கள். அந்த நாளில் ராத்திரிக் கூச்சலும் இல்லை, ஆக இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும் ஒன்றாக நமத்துப் போயிற்று. இளவட்டங்களுக்கு நடுவூரிலேயே ஒய்.எம்.சி.ஏ. விடுதி இருக்கிறது.

எதிரணி கேட்காமல் விட்ட ஒரு குறையை நானே சொல்கிறேன், நேர்மைக்காக. ஊருக்குள் இருக்கிற விடுதிகள் பலவும் 18-ஆம் நூற்றாண்டு வீடுகள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம், நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. மேல் மாடி என்றால் அந்தக் காலத்து வேலைக்காரர்கள் படுத்த அறை, படி செங்குத்தாக ஏறும். ‘கார்டன் லெவல்’ என்று அழகாக எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் பாதாளம்தான். சன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரியும். ஆகவே போன் போட்டுக் கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, அறை தெருப் பக்கமா பின்பக்கமா. போன வருடம் நான் கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, முதல் மாடி பின்பக்க அறை கொடுத்தார்கள், 19 படி. அம்மா எண்ணினார், நான் எண்ணவில்லை.

மலையிலிருந்து ஊர் தெரியும் என்றார்கள். தெரியட்டும். நிலையத்துக்குப் பின்னால் படி ஏறினால் அலெக்சாண்ட்ரா பூங்கா, மொத்த ஊரும் கிண்ணத்தில் வைத்த மாதிரி கிடக்கும், காசு கிடையாது. பார்த்துவிட்டு இறங்கி வாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். பகல் பதினோரு மணிக்கு ஆபி முற்றத்தில் நின்றால் நமக்கு முன்னால் நாலு சுற்றுலாக் கொடி, நாற்பது செல்ஃபிக் குச்சி. அதே முற்றத்தில் காலை ஏழு மணிக்கு நில்லுங்கள். ஒரு ஆள் தெரு கூட்டிக்கொண்டிருப்பார். ஆபியின் முகப்பில் கல்லால் செய்த ஏணி, அதில் தேவதைகள் ஏறுகிறார்கள். கவனித்துப் பார்த்தால் சிலர் தலைகீழாக இறங்குகிறார்கள். பகலில் மூன்று முறை பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. போன வருடம் அம்மாதான் காட்டினார், கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, அறையிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து வந்து.

கடைசியாக நடுவர் ஐயாவுக்கே ஒரு கேள்வி. தொடக்க உரையில் நீங்கள் சொன்னீர்கள், ‘மலைமேல் அருமையான விடுதியில் தங்கினேன், விடியற்காலையில் எழுந்து முதல் பேருந்து பிடித்து ஊருக்குள் இறங்கி வந்தேன்’ என்று. அவ்வளவு அருமையான விடுதியை விட்டுவிட்டு, அந்தக் குளிரில் எதற்கையா இறங்கி வந்தீர்கள்?

நன்றி, வணக்கம்.