மின்மினிகளின் பின்கட்டு

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூர்க்காரர்கள் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோலசிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போயிருப்பீர்கள். கம்போங் குவாந்தானில் இருட்டியதும் சம்பான் ஏறினால், சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக ஒரே தாளத்தில் மினுக்கும். எல்லோருடைய கண்ணும் அந்த மரத்தின் மேல்தான். நான் பேச வந்தது மரத்துக்குப் பின்னால் கிடக்கும் சேற்று நிலத்தைப் பற்றி.

மின்மினி மரத்தில் இருப்பது கடைசிச் சில வாரங்கள்தான். முட்டையிடுவது கரைக்கு உள்ளே, ஈர மண்ணில். புழுக்கள் அங்கேயே புதர்களின் அடியில் ஊர்ந்து, சின்னஞ்சிறு நத்தைகளை வேட்டையாடித் தின்று வளரும். பெரெம்பாங் மரம் முன்வாசல் என்றால், குடும்பம் நடப்பது பின்கட்டில். கரையோரம் ஒரு வரிசை மரத்தை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடித்துவிட்டால் மரம் நிற்கும். மினுக்க ஆள் இருக்காது.

மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அது உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்து மரம். ஆற்றின் மேல்பகுதியில் நன்னீரை அளவுக்கு மீறி எடுத்தால் கடல்நீர் உள்ளே ஏறி அந்தக் கலவை கெட்டுவிடும். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களில் வருவதில் பெரும்பங்கு இந்த ஆற்றுத் தண்ணீர்தான், ஞாபகம் இருக்கட்டும்.

கரையும் தண்ணீரும் ஒன்றையொன்று எப்படி நம்பியிருக்கின்றன என்பதற்கு இன்னொரு கதை. ஜப்பானில் ஷிகேரு நகானோ என்ற ஆய்வாளர் ஹொக்கைடோ தீவின் ஓடை ஒன்றில் வேடிக்கையான காரியம் செய்தார். பசுமைக்குடில் மாதிரி ஒரு மறைப்பால் ஓடையை மூடி, மரங்களிலிருந்து பூச்சி விழாதபடி தடுத்தார். மீன்கள் என்ன செய்யும்? ஓடையின் அடியில் பாசி மேயும் பூச்சிகளைத் தின்ன ஆரம்பித்தன. மேய ஆள் குறைந்ததும் பாசி பெருகிவிட்டது. 2001இல் வந்த அவர்களது இன்னொரு கணக்குப்படி, அங்கே மீன்களுக்கு ஓராண்டில் இரையிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 44 விழுக்காடு காட்டிலிருந்து விழும் பூச்சிகள். பறவைகளுக்குக் கால்பங்கு ஓடையிலிருந்து கிளம்பும் பூச்சிகள். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடக்கிறது. நம் ஜெலாவாட் மீனும் கரைமரத்துப் பழத்துக்காகக் காத்திருக்கும் ரகம்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கான்கிரீட் கரைகளுக்கு நடுவே சந்திக்கின்றன. 1971 வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர், வெள்ளத்தை நகரத்துக்கு அடியில் திருப்பிக் குளத்தில் தேக்குகிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் நடுவில் இனி யாரை எழுப்பி அனுப்புவது? ஆனால் ஆறு பெருகினால் பரவிக்கொள்ள இருந்த வெள்ளச் சமவெளி செய்த வேலைகளில் ஒன்றைத்தான் சுரங்கம் செய்கிறது. தண்ணீரைத் தாங்கும், நத்தையை வளர்க்காது, மீனுக்குச் சோறு போடாது.

என்னைக் கேட்டால், கான்கிரீட் கரைக்கு வண்ண விளக்கு போடும் காசில் ஒரு பங்கை கோம்பாக் ஆற்றின் மேல்பகுதியான உலு கோம்பாக் பக்கம் திருப்பலாம். காட்டோடைகள் அங்கே இன்னும் மரநிழலில் ஓடுகின்றன. அங்கே குளிக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஓடையில் விழுந்து கிடக்கும் மரத்தை இழுத்து வெளியே போடாதீர்கள். இலை தேங்குவது அதன் அடியில்; அந்த இலையைத் தின்னும் பூச்சிகளும் மீன் குஞ்சுகளும் ஒதுங்குவதும் அங்கேதான்.