தகிட எட்டுத் தரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கர்நாடக சங்கீதத்துக்குப் புது ரசிகர்கள் வேண்டும் என்று பேச்சு வந்தாலே, ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையைக் குறை, துக்கடா என்கிற இலேசான சின்னப் பாட்டுகள் நாலோடு முடி என்று யோசனை சொல்வார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயம் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கனமான சங்கீதத்தையே கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேடையும் மைக்கும் இல்லாமல், வகுப்பறைத் தரையில் தம்புராவைச் சுற்றி அவர்களை உட்கார வைப்பேன். தம்புராவில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு குதிரை என்று பெயர். அதற்கும் தந்திக்கும் நடுவே ஒரு பருத்தி நூல் இருக்கும், ஜீவாளி என்போம். அதை எடுத்துவிட்டு மீட்டினால் நாதம் மொட்டையாக விழும். திரும்பச் செருகி மெல்ல நகர்த்தினால், ஓர் இடத்தில் ரீங்காரம் கிளம்பும். அந்த இடத்தைப் பிள்ளைகளையே தேடச் சொல்வேன். காது அப்படித் திறந்த பிறகு மோகன ராகத்தை நிதானமாக விஸ்தாரம் செய்யலாம், யாரும் நெளிவதில்லை.

அடுத்தது தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கை பழகியதும், எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாக 'தகிட' என்று சொல்லிக்கொண்டே போகச் சொல்வேன். மூன்றும் எட்டும் ஒத்துப்போகாமல் வாயும் கையும் வெவ்வேறு பக்கம் இழுக்கும், சிரிப்பும் குழப்பமுமாக இருக்கும். விடாமல் எட்டுத் தரம் சொன்னால் இருபத்துநாலு எண்ணிக்கை, சரியாக மூன்று ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் மூன்று முழுச் சுற்று. அடுத்த தட்டில் எல்லாரும் ஒன்றாக வந்து விழுவார்கள். சுற்றின் முதல் தட்டான அந்த சமத்தில் வகுப்பே கத்தும். கணக்குப் போட்டு இப்படி வந்து சேரும் மிருதங்கக் கோர்வையின் ருசி அதுதான். அதற்கு என் விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

மாணவர்களைத் தேடிப் போகும் வழக்கத்தைப் பெரிய அளவில் வளர்த்தவர் டெல்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத். 1977-இல் அவர் தொடங்கிய ஸ்பிக் மக்கே என்ற அமைப்பு, பெரிய வித்வான்களையே கல்விக்கூடங்களுக்கு இலவசமாக அழைத்து வருகிறது. குழந்தைகள்தானே என்று இரண்டாம்தரத்தை அனுப்பாத அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு நாள் கச்சேரியோடு விட்டுவிடக் கூடாது. அடுத்த மாதமும் யாராவது வர வேண்டும், அந்தக் கை தாளத்தை மறப்பதற்குள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மார்கழியில் சென்னை சபாக்கள் பலவற்றில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. குழந்தையோடு போய் முன் வரிசையில் உட்காருங்கள். பாதியில் கிளம்ப வேண்டியிருந்தால் தப்பில்லை. மிருதங்கம் போன்ற தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் வரைக்கும் மட்டும் இருந்துவிடுங்கள். பெரியவர்கள் பலர் அப்போதுதான் காபிக்கு எழுந்து போவார்கள். உங்கள் குழந்தைக்கு ரொம்பப் பிடிக்கப்போவது அதுதான்.

வணக்கம்.