பஞ்சில் வந்ததும் தோலில் நின்றதும்

வணக்கம் நேயர்களே.

மற்றவர்கள் முகத்துக்கு மேக்கப் போடுவது என் தொழில். போடுவதைப் பற்றிக் கேட்பவர்கள் நிறையப் பேர். எடுப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால்தான் நிலையத்திலிருந்து பேச அழைத்தபோது, எடுப்பதைப் பற்றியே பேசுகிறேன் என்று சொன்னேன். அதிலும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். வாங்கி வைத்திருக்கும் கிளென்சிங் மில்க் மேக்கப்பை உண்மையிலேயே எடுக்கிறதா, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

வழக்கமாக நாம் செய்யும் சோதனை உங்களுக்குத் தெரியும். பஞ்சில் கொஞ்சம் ஊற்றித் துடைக்கிறோம், பஞ்சு பழுப்பாகிறது, நன்றாக எடுக்கிறது என்று முடிவு கட்டுகிறோம். இரண்டாவது பஞ்சு லேசான பழுப்பு, மூன்றாவது வெள்ளை. முகம் சுத்தம்! நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு முறை மேடை நாடகம் முடிந்த இரவில் ஒரு நடிகைக்கு மேக்கப்பைக் கலைத்தேன். மூன்றாவது பஞ்சு வெள்ளையாக வந்தது, அனுப்பிவிட்டேன். காலையில் போன் வந்தது. தலையணை உறை முழுக்கக் கறுப்பு, கண் எரிகிறது என்றார். போய்ப் பார்த்தால் இமைமுடியின் வேரில் வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா அப்படியே இருக்கிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மில்க்கால் எடுக்க முடிந்தது எல்லாம் தீர்ந்துபோனதால்தான் பஞ்சு வெள்ளையாக வந்தது. எடுக்க முடியாதது தோலிலேயே தங்கிவிட்டது. பஞ்சைப் பார்த்தால் வந்தது தெரியும், நின்றது தெரியாது.

கிளென்சிங் மில்க் என்பது என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பெயருக்கு ஏற்ப அதன் அமைப்பும் பால் போலத்தான். நீருக்குள் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன, அவை ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நீரும் எண்ணெயும் பிரியாமல் பிடித்துவைக்க எமல்சிஃபையர் என்ற பொருள் சேர்க்கிறார்கள். இந்தக் கலவை புதிதல்ல. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்ற மருத்துவரின் பெயரில் ஒரு பழைய களிம்பு சொல்லப்படுகிறது. தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றும் சேர்ந்தது. கோல்டு கிரீமின் மூதாதை அதுதான். நம் மில்க்கில் நீரின் பங்கு அதைவிட மிக அதிகம்.

தோலில் தேய்க்கும்போது துளிகள் உடைந்து எண்ணெய் பரவுகிறது. வேலையைச் செய்வது அந்த எண்ணெய். ஆனால் அது எதைக் கரைக்கிறது? ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருகிற டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடுகளும் எண்ணெயிலும் கரையாது, நீரிலும் கரையாது. அவற்றைத் தோலோடு பிடித்துவைத்திருக்கும் எண்ணெய், மெழுகு, சிலிக்கோன் போன்றவைதான் இளக வேண்டும். பிடி இளகினால் நிறப்பொடி தானே பஞ்சோடு வந்துவிடும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவில் சீக்கிரம் ஆவியாகும் திரவம் ஒன்று இருக்கிறது. அது பறந்த பிறகு மெழுகும் படலம் அமைக்கும் பாலிமரும் இமைமுடியில் இறுகி நிற்கும். நாள் முழுக்கக் கலையாத லிப்ஸ்டிக்குகள் பலவற்றில் சிலிக்கோன் ரெசின் இருக்கும், அதுவும் லேசில் அசையாது. ஆகவே ஒரு மில்க் நல்லதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மேக்கப்புக்கு நல்லது என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, சோதனைக்கு வருவோம். முன்கையின் உட்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முடி குறைவு, நிறமும் சீராக இருக்கும். ஒரே ஃபவுண்டேஷனை ஒரே அளவில் நான்கு இடத்தில், நாணய அளவு வட்டமாகப் பூசுங்கள். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: உங்கள் தோல் நிறத்துக்கு அச்சாகப் பொருந்தும் ஃபவுண்டேஷன் வேண்டாம். பொருந்தினால் மிச்சம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. இரண்டு படி அடர்த்தியாகவோ வெளிறியதாகவோ எடுங்கள். பூசியதும் துடைத்துவிடாதீர்கள், அரை மணி நேரம் காயட்டும். ஈரமாக இருக்கும் மேக்கப்பை வெறும் தண்ணீரும் ஓரளவு எடுத்துவிடும். பூசின கையோடு துடைத்துக் காட்டுகிற செயல்விளக்கங்கள் எனக்குப் பிடிப்பதே இல்லை. வாங்குகிறவர் இரவில் துடைக்கப்போவது பத்து மணி நேரம் இறுகிய மேக்கப்பை.

காய்ந்த பிறகு முதல் வட்டத்தைத் தொடவே கூடாது. இரண்டாவதைக் காய்ந்த பஞ்சால் துடையுங்கள், மூன்றாவதை நீரில் நனைத்த பஞ்சால், நான்காவதைக் கிளென்சிங் மில்க்கால். எல்லாவற்றுக்கும் புதுப் பஞ்சு, ஒரே அழுத்தம், எண்ணிப் பத்து இழுப்பு. மில்க்கைக் கால் டீஸ்பூன் என்று அளந்து, துடைப்பதற்கு முன் அரை நிமிடம் விரலால் வட்டமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் அதேபோல் அரை நிமிடம் தேய்க்க வேண்டும், ஒன்றை வெறும் விரலால், இன்னொன்றை ஈர விரலால். இல்லையென்றால் போட்டி நியாயமாக இருக்காது.

காய்ந்த பஞ்சு எதற்கு என்று என்னிடம் பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பார்கள். செய்து பார்த்தால் வாயடைத்துப் போவார்கள். எதுவும் இல்லாமல் தேய்ப்பதே மேக்கப்பில் ஒரு நல்ல பங்கை உரித்துவிடும். அந்தப் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் மில்க் செய்த வேலை என்ன என்று தெரியும். சில மில்க்குகளில் நான்காவது வட்டமும் மூன்றாவது வட்டமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அப்படியானால் அங்கே வேலை செய்தது உங்கள் கை.

ஆய்வுக்கூடங்களிலும் அடிப்படை இதுதான், கண்ணுக்குப் பதிலாக நிறமானி இருக்கும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976-இல் வகுத்த L*a*b* என்ற அளவுமுறையில் நிறத்தை மூன்று எண்களாக எழுதலாம். ஒன்று வெளிச்சம், ஒன்று சிவப்பு–பச்சை, ஒன்று மஞ்சள்–நீலம். வெறும் தோலுக்கும் மேக்கப் போட்ட தோலுக்கும் நிற வேறுபாடு 20 என்று வையுங்கள். துடைத்த பிறகு அது 3 ஆனால், 17 குறைந்திருக்கிறது, அதாவது 85 சதவீதம். ஆனால் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்துவிடும், கருவி அந்தச் சிவப்பையும் மேக்கப்பின் மிச்சமாக எண்ணிவிடும். ஆகவே துடைத்த பின் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சிவப்பு போகவில்லை என்றால், அது மேக்கப்பை எவ்வளவு எடுத்திருந்தாலும் அந்த மில்க்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்து, தோலில் நின்றதைக் கண்டுபிடிப்பது. இதற்கு அதே மில்க்கை மறுபடி போட்டுப் பயனில்லை. தான் எடுக்காததைப் பற்றி அது சாட்சி சொல்லாது. வேறொரு கரைப்பானைத்தான் கேட்க வேண்டும். நான்காவது வட்டத்தில் வாசனை சேர்க்காத ஏதாவது ஒரு தாவர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதுதான் மில்க் விட்டுவைத்த மிச்சம். இந்த ஒரு பஞ்சை நான் முதல் மூன்றையும்விட அதிகம் நம்புகிறேன். இமை விஷயத்திலும் இதேதான். மில்க்கால் துடைத்து முடித்த பிறகு, பஞ்சுக் குச்சியில் கண் மேக்கப் எடுக்கிற எண்ணெய் கலந்த ரிமூவரைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு இமைமுடி வேரோரமாக மெல்ல ஓட்டுங்கள். கறுப்பு வந்தால் அந்த மஸ்காராவுக்கு அந்த மில்க் போதாது. இன்னும் அழுத்தித் தேய்ப்பது அதற்கு வழியல்ல.

லிப்ஸ்டிக்கிலும் காஜலிலும் இதே நான்கு வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். லிப் டின்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் சாயம் மேல்தோலின் செத்த செல்களிலேயே ஏறிவிடுவதால், செல்கள் உதிரும்போதுதான் போகும். மில்க்கைக் குறைசொல்ல அங்கே இடமில்லை.

இன்னொன்று. மில்க் தன் எண்ணெயையும் கொஞ்சம் தோலில் விட்டுப்போகும், இளகிய மேக்கப் அதில் மிதந்துகொண்டிருக்கும். சோதனை முடிந்த கையில் ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஒரு நிமிடம் அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்த் திட்டு தெரியும். திட்டு பெரிதாக இருந்தால், துடைத்தால் போதும் என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும், மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு முகத்தைக் கழுவிவிடுங்கள்.

பாட்டில் பழசானால் சோதனையை மறுபடி செய்யுங்கள். நீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ, மணம் மாறியிருந்தாலோ, சோதனையே வேண்டாம், பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்று இரவே கையில் நான்கு வட்டம் போட்டுப் பாருங்கள், காயவைக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வணக்கம்.