கடற்காற்றும் தப்புத் தோலும்

நேயர்களே, வணக்கம்.

மலேசியாவின் கடலோர ஊரான போர்ட்டிக்சன் என்றதும் தெலுக் கெமாங் கடற்கரையும் ஹோட்டல்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சனிக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து கடலுக்குப் போகிற கார்கள் எங்கள் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டித்தான் போகும். 1891-இல் சிரம்பானிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ரப்பர் வந்தது. ரப்பரோடு எங்கள் பாட்டன்மார் வந்தார்கள், அவர்களோடு தப்பு என்கிற தோல் மேளமும் வந்தது.

இன்றைக்கு அந்தத் தப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தப்பின் முகம் தோல். ஈரம் பட்டால் தோல் தளர்ந்துவிடும். 'கணீர்' என்று பேச வேண்டிய தப்பு 'தொப் தொப்' என்று முனகும். அதனால்தான் அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சுகிறோம். எங்கள் பெரியப்பா காய்ந்த ரப்பர் சுள்ளியைக் கொளுத்தி, தப்பை அனலுக்கு மேலே மெதுவாகச் சுற்றுவார். விரலால் ஒரு தட்டு, காதருகே ஒரு நொடி, மறுபடியும் அனல். எந்த இடத்தில் போதும் என்று அவர் காதுக்குத்தான் தெரியும். ஆனால் நாங்கள் இருப்பது கடலோரம். மாலையில் காற்றுத் திரும்பினால் அரை மணி நேரத்தில் தோல் மறுபடியும் தளர்ந்துவிடும். தீமிதித் திருவிழாவில் சாமி புறப்படும் நேரத்தில் அவர் நெருப்பைத் தேடி ஓடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த தலைமுறைப் பையன்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எண்ணெய் ஆலை வர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலை செய்த ஒரு தம்பி இரும்புப் பட்டையை வளைத்து வளையம் செய்தான். சுற்றிலும் எட்டு போல்ட்டு. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் முகம். ஸ்பேனரை எடுத்து இரண்டு திருகு திருகினால் சுதி நிற்கும். மழையில்கூட அடிக்கலாம்.

பெரியப்பா அதை வாங்கி அடித்துப் பார்த்தார். "சத்தம் இருக்கு, அடிவயிறு இல்லையேடா" என்றார். உண்மைதான். குறிப்பாக உறுமி என்கிற இருமுக மேளத்துக்கு அது ஒத்துவரவில்லை. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் அந்த உறுமலை எழுப்ப வேண்டும், பிளாஸ்டிக்கில் குச்சி வழுக்கியது. பையன்கள் சோர்ந்துவிடவில்லை. தேய்க்கிற முகத்துக்குத் தோல், அடிக்கிற முகத்துக்குப் பிளாஸ்டிக் என்று மாற்றிக் கட்டினார்கள். எனக்கு அது பெரிய காரியமாகப் படுகிறது. படித்த பொறியாளர் யாரும் வந்து சொல்லித்தரவில்லை. பெரியவர் சொன்ன குறையைக் காது கொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

உறுமி மேளம் என்றாலே சினிமாப் பாட்டு அடிக்கிற கூட்டம் என்று முகம் சுளிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. கோயிலில் எதை அடிக்க வேண்டும் என்பதில் எனக்கும் கண்டிப்பான கருத்து உண்டு. அதற்காக அந்தப் பையன்களின் கைத்திறனைத் தள்ளிவைக்க நான் தயாரில்லை. காவடி கட்டுகிறவர்களும் இதே ஆட்கள்தான். அலுமினியக் கம்பியை வளைத்து, பாரம் தோளிலும் இடுப்பிலும் பிரிந்து இறங்கும்படி அமைத்து, மேலே மயிலிறகு சொருகுவதற்குள் பல இரவுகள் போய்விடும்.

ஒருமுறை கடற்கரையில் நடந்த சுற்றுலா விழாவுக்கு எங்கள் குழுவை அழைத்தார்கள். வாசலில் விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது ஐந்து நிமிடம் அடிக்கச் சொன்னார்கள், அப்புறம் போகலாம் என்றார்கள். மேடை வேறு யாருக்கோ. பையன்கள் சாப்பிடாமல் திரும்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடற்கரைச் சாலையில் வார இறுதியில் ஒரு கூடாரம் போதும். வருகிற பிள்ளைகள் தப்பைக் கையில் வாங்கி அடித்துப் பார்க்கட்டும், போல்ட்டைத் திருகிப் பார்க்கட்டும். பெரியப்பா மாதிரி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, தோல் காய்ச்சுவது எப்படி என்று காட்டட்டும். தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டார்கள். காய்ச்சத் தெரிந்த கைகள் எங்கள் பக்கத்தில் இப்போது இரண்டுதான்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பையன்கள் மாரியம்மன் கோயில் பின்புறம் ஒத்திகை பார்ப்பார்கள். கடலிலிருந்து திரும்பும்போது எங்கள் முச்சந்தியில் கார் கண்ணாடியை இறக்குங்கள். சத்தம் கேட்கும். உள்ளே வாருங்கள்.

நன்றி, வணக்கம்.