வூஷான்தோ கரையில் உட்கார்ந்திருப்பவர்

அவையில் இருக்கும் பெரியோர்களே, வாய்க்கால் பாசன சபை விவசாயிகளே, என்னோடு ஒரே மின்விசிறிக்கு அடியில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வுபெற்ற நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 15, பொறியாளர் தினம் வந்தால் எஞ்சினீயர் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானே இந்த மேடையில் நாலைந்து தடவை பேசியிருக்கிறேன். அவருடைய தானியங்கி மதகுக் கதையை எனக்கு முன்னால் நீங்களே சொல்லி முடித்துவிடுவீர்கள். அதனால் இந்த வருஷம் வேறொருவரைக் கூட்டிவந்திருக்கிறேன். அவர் பெயர் ஹத்தா யோய்ச்சி. ஜப்பான்காரர். அணை கட்டியது தைவானில். நம்மில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். ஆனால் அவர் பார்த்த வேலை நமக்கு ரொம்ப நெருக்கமான வேலை. முறைத் தண்ணீர், அதாவது முறை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தத் தீவின் தென்மேற்கில் ஜியாநான் என்று ஒரு பெரிய சமவெளி. கோடையில் கொட்டித் தீர்க்கும் மழை, வெள்ளம். குளிர்காலத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கடலோரத்தில் உப்பு பூத்த மண். அந்த நிலத்துக்கு அங்குள்ள மக்கள் வைத்திருந்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வானம் பார்த்த வயல்' என்று வரும். நாமும் வானம் பார்த்த பூமி என்றுதானே சொல்கிறோம்? யாரும் யாரிடமும் கேட்டு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. மழைக்குக் காத்திருக்கிறவன் எந்த நாட்டிலும் அண்ணாந்துதான் பார்க்கிறான்.

ஹத்தா 1886-ல் கனசாவா பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1910-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினீயரிங் முடித்துவிட்டு நேராகத் தைவான் அரசுப் பணிக்கு வந்தார். அலுவலகத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'பெரிய துணி ஹத்தா'. ஜப்பானில் சாமான் கட்டும் துணியைப் பெரிதாக விரிப்பது என்றால், நடக்காத காரியத்தை எல்லாம் பேசுவது. நம் ஊரில் 'அளக்கிறான்' என்போமே, அதுதான். இவர் ஜியாநான் சமவெளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டு நீட்டினார். நம் கணக்கில் ஏறக்குறைய 3 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். நம் கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவருக்கு வயது முப்பது சொச்சம். அளக்கிறான் என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்!

1920 செப்டம்பர் 1-ல் வேலை தொடங்கியது. முடிந்தது 1930-ல். இடம் வூஷான்தோ. அப்போது மலேரியாவுக்குப் பேர்போன காட்டுப் பகுதி.

இங்கேதான் அவர் எனக்குப் பிடித்துப்போகிறார். அணையோடு ஊரையும் சேர்த்துக் கட்டினார். தொழிலாளி மட்டும் வந்து கொட்டகையில் படுத்துக்கொள்ளும் ஊர் இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு வந்து குடியிருக்கும்படியான வீடுகள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி, கடைகள், டென்னிஸ் விளையாட இடம், அவ்வப்போது சினிமா. குடும்பத்தைப் பிரிந்து வந்தவன் நல்ல வேலை செய்ய மாட்டான் என்பது அவருடைய எண்ணம். அதற்காகச் செலவும் செய்தார். சிக்கனம் பிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்காதா என்ன? நம் அனுபவத்தில் அதெல்லாம் வராமல் இருக்காது. அவர் மனைவியும் பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருந்தார்கள்.

எனக்கு இது ஏன் இப்படி உறைக்கிறது என்றால், நான் சின்ன வயதில் ஒரு அணை வேலையில் கேம்ப்பில் கிடந்தவன். வீடு எண்பது கிலோமீட்டர் தள்ளி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு அன்று ராத்திரியே திரும்புவேன். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாராம்: "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" அது சொன்ன பதில்: "பஸ் ஏறுவார்." நான் வீட்டில் செய்து அது பார்த்த வேலை அது ஒன்றுதான். சரி, நம் கதை இருக்கட்டும்.

அணையைப் பற்றிக் கொஞ்சம். 1,273 மீட்டர் நீளம், 56 மீட்டர் உயரம். மண் அணை. கட்டிய முறைதான் விசேஷம். அணை வரவேண்டிய இடத்தின் இரண்டு பக்கமும் மண்ணும் சரளையும் கல்லும் கலந்து ரயில் வண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அப்புறம் பெரிய பம்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அந்தக் குவியலை அடிப்பார்கள். கனமான கல் இருந்த இடத்திலேயே நிற்கும். சரளை கொஞ்ச தூரம் போகும். நைசான களிமண் மட்டும் தண்ணீரோடு நடுப்பகுதிக்கு ஓடிப்போய்ப் படியும். அப்படிப் படிந்த களிமண்தான் அணையின் உயிர், தண்ணீர் கசியாத நெஞ்சுச் சுவர். நம் அம்மாக்கள் அரிசி களையும்போது கல் அடியில் நிற்க அரிசி மேலே வருமே, அதே சூத்திரம். இந்த முறையை நேரில் பார்க்கவும் யந்திரங்கள் வாங்கவும் 1922-ல் அமெரிக்காவுக்கே போய்வந்தார். அந்த அளவுக்குப் பெரிய யந்திரங்களை ஓட்டிப் பழகிய ஆள் அங்கே யாரும் இல்லை. ஓட்டி ஓட்டித்தான் கற்றுக்கொண்டார்கள்.

தண்ணீரை ஜெங்வென் ஆற்றிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவர வேண்டும். சுரங்கத்தின் நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். 1922 டிசம்பரில் அந்தச் சுரங்கத்துக்குள் எண்ணெய் வாயு கசிந்து வெடித்தது. 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஹத்தா செத்தவர்களின் வீடு வீடாகப் போனார் என்று சொல்வார்கள். திட்டத்தையே கைவிட்டுவிடலாம் என்று அவர் தளர்ந்திருந்தபோது, துக்க வீட்டுக்காரர்கள்தான் வேலையை நிறுத்தாதீர்கள் என்றார்களாம். இந்தப் பகுதியை நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கிறேன். ஆள்கிற நாட்டின் எஞ்சினீயர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அந்த ஏழை வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

தள்ளி நிற்காமல் நான் ஏற்றுக்கொள்கிற ஒன்று இருக்கிறது. அது கல்லில் இருக்கிறது. வேலை முடிந்த 1930-ல் இறந்தவர்களுக்கு அணையருகில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 134 பெயர்கள். ஜப்பானியர் மேலே, தைவான்காரர் கீழே என்று இல்லை. அதிகாரி தனி, கூலி தனி என்றும் இல்லை. யார் முதலில் இறந்தார்களோ அவர் பெயர் முதலில். அப்படியே வரிசையாகப் போகிறது. அதில் வேலைக்காரர்கள் மட்டும் இல்லை, அவர்களோடு வந்து குடியிருந்து நோயில் இறந்த குடும்பத்தாரின் பெயரும் இருக்கிறது. மண்ணே சுமக்காத ஒருத்தியின் பெயர் அணையின் கல்லில்! நான் வேலை பார்த்த எந்த அணையின் கல்வெட்டிலும் திறந்துவைத்த அமைச்சர் பெயர் இருக்கும், கண்காணிப்புப் பொறியாளர் பெயர்கூட இருக்கும். வெடி வைக்கப் போய்ச் செத்தவன் பெயரை நான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன்.

1923-ல் டோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம். அரசாங்கத்தின் பணமெல்லாம் அங்கே போக, இங்கே மானியம் வெட்டுப்பட்டது. பாதி ஆட்களை நிறுத்தியாக வேண்டும். யாரை நிறுத்துவது? ஹத்தா கெட்டிக்காரர்களை நிறுத்தினார். எல்லோருக்கும் அதிர்ச்சி. கெட்டிக்காரனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும், சுமாரானவன் வெளியே போனால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பது அவர் சொன்ன காரணம். போனவர்களுக்கு வேறு வேலையும் தேடிக் கொடுத்தார். பணம் திரும்ப வந்ததும் அவர்களை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். இது நிர்வாகப் பாடப்புத்தகத்துக்கு நேர் எதிர். சரியா தப்பா என்று இன்று ராத்திரி வீட்டில் போய்ச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று தெரிகிறது. ஆள் பட்டியலைப் பார்க்கும்போது அந்த மனிதர் கண்ணில் ஆட்கள் பட்டதைவிட அடுப்புகள்தான் பட்டிருக்கின்றன.

இனி முறைத் தண்ணீருக்கு வருவோம். வூஷான்தோ ஏரியின் கொள்ளளவு அந்தக் காலத்தில் 5 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணை கிட்டத்தட்ட 33 டி.எம்.சி. வடக்குப் பகுதிக்கு ஜுவோஷுய் ஆற்றிலிருந்து தனியாகத் தண்ணீர் எடுத்தார்கள் என்றாலும், இவ்வளவு சின்ன ஏரியை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஆயக்கட்டு! எல்லோருக்கும் எல்லா வருஷமும் நெல்லுக்குத் தண்ணீர் என்றால் நடக்கிற காரியமா? அவர் நிலத்தை மூன்று பங்காகப் பிரித்தார். ஒரு வருஷம் நெல், மறு வருஷம் கரும்பு, மூன்றாம் வருஷம் புன்செய். நெல்லுக்கு நிறையத் தண்ணீர், கரும்புக்கு அளவாக, புன்செய்க்கு இல்லை. மூன்று வருஷத்தில் எல்லார் காட்டுக்கும் எல்லாமும் வந்துவிடும்.

நம் வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று நன்செய்க்கு ஒரு போகம், புன்செய்க்கு ஒரு போகம் மாற்றி மாற்றி விடுகிறோமே, அதன் பங்காளி இது. கடைமடைக்காரனுக்கும் ஒருநாள் தண்ணீர் வரும் என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்ட திட்டம். வாய்க்கால், வடிகால் எல்லாம் சேர்த்து 16,000 கிலோமீட்டர் வெட்டினார்கள். அணை கட்டுவது ஒரு பங்கு கஷ்டம் என்றால், கடைசி வயல் வரைக்கும் வாய்க்கால் வெட்டுவது ஒன்பது பங்கு. இங்கே இருக்கும் லஸ்கர்களை, வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களைக் கேட்டால் தெரியும்.

அவரைத் தெய்வமாக்கி இங்கே உட்கார வைக்க நான் வரவில்லை. ஜப்பானுக்கு அரிசி வேண்டும், சர்க்கரை வேண்டும். அதற்காகத்தான் அந்த அரசாங்கம் பணம் போட்டது. தண்ணீர் வரி கட்ட முடியாமல் விவசாயிகள் முனகினார்கள். எந்த வருஷம் எதைப் பயிரிடுவது என்று மேலே இருந்து ஒருவன் சொல்வதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜியாநான் வாய்க்கால் என்பதை அவர்கள் பேச்சில் கொஞ்சம் திருப்பி 'ஆளைக் கடிக்கும் வாய்க்கால்' என்று கேலி செய்தார்கள். வாய்க்கால் கடித்ததும் உண்மை, வயல் விளைந்ததும் உண்மை. கேலி செய்த அதே ஊர்க்காரர்கள் பின்னால் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வேலை முடிந்ததும் கூட இருந்தவர்கள் அவருக்குச் சிலை வைக்க ஆசைப்பட்டார்கள். அவருக்கு இஷ்டமில்லை. கடைசியில், விறைப்பாக உடுப்புப் போட்டு உயரத்தில் நிற்கும் சிலை வேண்டாம் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். 1931-ல் வைத்தார்கள். வேலை உடையில், வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் முன்தலை முடியைத் திருகிக்கொண்டு ஏரியைப் பார்க்கிறார். யோசிக்கும்போது முடியைத் திருகுவது அவர் பழக்கம். அன்று வைத்தபோது பீடமே கிடையாது. யுத்தக் காலத்தில் உலோகத்துக்காகச் சிலைகளை எல்லாம் எடுத்துப்போனபோது இதுவும் காணாமல் போனது. பிறகு ஒரு ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது. பாசன சங்கத்துக்காரர்கள் அதை வாங்கி ஒளித்து வைத்தார்கள். ஜப்பான் போய்ச் சீன அரசாங்கம் வந்த பிறகு, ஜப்பான்காரன் சிலையை வெளியே வைக்க முடியாது. பல வருஷம் மறைத்தே வைத்திருந்து 1981-ல் பழைய இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். 2017-ல் யாரோ தலையை வெட்டிவிட்டார்கள். மே 8-ம் தேதி நினைவு நாளுக்குள் தலையைப் பொருத்திவிட்டார்கள்.

மே 8 என்று சொன்னேன். 1942 மே 8. பிலிப்பைன்ஸில் பருத்திக்குப் பாசனம் பார்த்துவரச் சொல்லி அவரைக் கப்பலில் அனுப்பினார்கள். தையோ மாரு என்ற கப்பல். அமெரிக்க நீர்மூழ்கி அதைக் குண்டு போட்டு மூழ்கடித்தது. 800 பேருக்கு மேல் போனார்கள். அவர்களில் இவரும் ஒருவர். ஒரு மாதம் கழித்து யமகுச்சி கடலோரத்தில் மீனவர்களிடம் உடல் கிடைத்தது. அங்கேயே எரித்துச் சாம்பலைத் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர் மனைவி பெயர் தொயோகி. கனசாவாவில் ஒரு டாக்டரின் மகள். 1917-ல் கல்யாணம் ஆகும்போது அவருக்குப் பதினாறு வயது, மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று. எட்டுப் பிள்ளைகள், ஆறு பெண், இரண்டு பையன். குண்டுவீச்சுக்குப் பயந்து 1945-ல் தைபேயை விட்டுப் பிள்ளைகளோடு பழையபடி வூஷான்தோவுக்கே வந்திருந்தார். ஆகஸ்டில் ஜப்பான் தோற்றது. ஜப்பானியர் எல்லோரும் தீவை விட்டுப் போகவேண்டி வரும் என்ற நிலை. படையில் சேர்க்கப்பட்டிருந்த இளைய மகன் ஆகஸ்ட் 31-ல் வீடு திரும்பினான். மறுநாள் செப்டம்பர் 1. அணை வேலை தொடங்கிய அதே தேதி. விடிவதற்குள் அந்த அம்மாள், கணவர் கட்டிய அணையின் தண்ணீரில் போய் விழுந்துவிட்டார். கணவரைத் தேடிப் போகிறேன் என்று பிள்ளைகளுக்கு எழுதி வைத்திருந்தார்.

இதைப் பதிபக்தி என்று சிலர் கைதட்டிப் பேசுவார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. பின்னால் நின்ற எட்டுப் பிள்ளைகள்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள். புருஷனையும் இழந்து, இருபத்தைந்து வருஷமாக வீடு என்று நினைத்த மண்ணையும் இழக்கப்போகிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் அன்று ராத்திரி யாராவது விழித்திருந்திருக்கலாம்.

1946 டிசம்பரில், ஜப்பான்காரர்கள் மூட்டை கட்டிப் போய்விட்ட பிறகு, ஜியாநான் ஆட்கள் கவோஸியுங்கிலிருந்து கருங்கல் வரவழைத்து, ஜப்பானிய முறையிலேயே ஒரு கல்லறை கட்டினார்கள். இரண்டு பேர் சாம்பலும் அதற்குள் இருக்கிறது. சிலைக்குப் பின்பக்கம். கட்டச் சொல்ல அப்போது எந்த அதிகாரியும் இல்லை. பயப்பட வேண்டிய அரசாங்கமும் மாறிவிட்டது. வருஷா வருஷம் மே 8-ல் அங்கே கூடுகிறார்கள், இன்றைக்கும்.

அவர்கள் குடியிருந்த வீட்டையும் பக்கத்து வீடுகளையும் திருப்பிக் கட்டி 2011-ல் பூங்காவாகத் திறந்தார்கள். 2013 செப்டம்பர் 1-ல் அங்கே தொயோகிக்கும் ஒரு சிலை வைத்தார்கள், கையில் குழந்தையோடு. ஆக, அவர் ஏரிக்கரையில் முடியைத் திருகிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் இருக்கிறார். சைட் எஞ்சினீயர் வீட்டுப் பெண்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. வணக்கம்.