கையில இருக்கு கேம்! (பட்டிமன்றம்: முடிச்ச கேம் மனசில நிக்கிறது கதையாலயா, கையாலயா?)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், சபைக்கு வணக்கம், எதிரணிக்கு அரை வணக்கம், ஏனெண்டா எனக்குத் தந்த ஏழு நிமிசத்தில ஒரு நிமிசம் இந்த மைக்கோடயே போட்டுது.

எனக்கு முன்னம் பேசின எதிரணித் தலைவர் அண்ணை, நல்ல பேச்சு, நான் கூடக் கை தட்டினன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 எண்ட வீடியோ கேமில கதாநாயகன் ஆர்தர் மோர்கனுக்குக் காசநோய் வந்த இடத்தைச் சொல்லி முன்வரிசை அன்ரிமார் மூக்கைச் சிந்திற அளவுக்குக் கொண்டுபோட்டார், பிறகு எக்ஸ்பெடிஷன் 33 எண்ட கேம், வருசா வருசம் ஒருத்தி பெரிய கல்லில ஒரு நம்பரை எழுத அந்த வயசு ஆக்கள் எல்லாம் பூவிதழாப் பறந்து காணாமல் போற கதை, 2025 டிசம்பரில வருசத்தின்ர சிறந்த கேம் எண்டு விருதும் எடுத்தது. எல்லாம் சரி. அதோட இறங்கிப் போயிருக்கலாம். இறங்கேக்க ஒரு பகிடி விட்டார் பாருங்கோ, "கைதான் முக்கியமெண்டா காலி வீதியில கொத்து அடிக்கிற தம்பியல்லோ இந்த மேடையில நிக்கவேணும், தங்கச்சி நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" எண்டு. சபையும் விழுந்து விழுந்து சிரிச்சது. ஆர் ஆர் சிரிச்சதெண்டு நான் பாத்து வச்சிருக்கிறன், தேத்தண்ணி நேரத்தில சந்திப்பம்.

நான் வீட்டில இருந்து நிறையப் பொயின்ட் எழுதிக்கொண்டு வந்தனான். அந்தப் பேப்பரை இப்ப மடிச்சு வைக்கிறன். முதல்ல கொத்தைப் பாப்பம்.

அண்ணை, இரவு ஒன்பது மணிக்கு வெள்ளவத்தையில நடந்து போயிருக்கிறீங்களோ? கடை கண்ணில பட முன்னமே டக்கடக்க டக்கடக்க எண்டு சத்தம் வரும், வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு வந்தவனுக்கும் வாயூறும். இப்ப நான் கேக்கிறன், அந்தக் கொத்தின்ர கதை ஆருக்காவது தெரியுமோ? அந்த ரொட்டி எந்த ஊரில பிறந்து என்ன கஷ்டப்பட்டு இந்தத் தகட்டுக்கு வந்தது? முட்டைக்கும் கோழிக்கும் என்ன குடும்பப் பிரச்சினை, ரெண்டும் ஏன் கடைசியில ஒரே பிளேட்டில சந்திக்குது? ஃபிளாஷ்பேக் இருக்கோ? கிளைமாக்ஸ் இருக்கோ? ஒண்டும் இல்லை. ஆனா வெளிநாட்டில இருந்து ஒருத்தன் வந்து இறங்கினா வீட்டுக்குப் போக முன்னம் எங்க போறான்? கதைப் புத்தகக் கடைக்கோ? அந்தத் தம்பி ரெண்டு கையிலயும் ரெண்டு தகட்டை வச்சு ஒரு கைக்கு ஒரு தாளம் மற்றக் கைக்கு இன்னொரு தாளம் போட்டுக்கொண்டு, இடையில "சீஸ் போடவோ அண்ணை" எண்டும் கேட்டுக்கொண்டு, மிச்சக் காசும் சரியாச் சொல்லுவான். அவன்ர கையில ஒரு கேம் கொன்ட்ரோலரைக் குடுத்துப் பாருங்கோ. அவனை மேடைக்குக் கூப்பிடவேணும் எண்டனீங்கள், கூப்பிடுங்கோ அண்ணை, எங்கட அணியில ஒரு கதிரை போட்டு வச்சிருக்கிறம்.

நடுவர் ஐயா சிரிக்கிறார். ஐயா, நீங்கள் கேம் விளையாடுறேல்ல எண்டு தொடங்கேக்க சொன்னனீங்கள், ஆனா நோக்கியா ஃபோனில பாம்பு விளையாடினனான் எண்டும் சொன்னனீங்கள். அந்தப் பாம்பின்ர கதை என்ன ஐயா? அது ஏன் அந்தப் புள்ளியைச் சாப்பிட்டுது? அதுக்குப் பிள்ளை குட்டி இருந்துதோ? தெரியாது! ஆனா வால் நீண்டு நீண்டு போய்த் தன்னையே கடிக்கிற நேரத்தில பெருவிரல் நடுங்கினது இண்டைக்கும் ஞாபகம் இருக்கெல்லோ? தலையாட்டுறீங்கள். சபை குறிச்சுக்கொள்ளுங்கோ.

சரி, இப்ப மலேனியா. எல்டன் ரிங் எண்ட கேமில வாற ஒருத்தி, பெரிய மரம் ஒண்டின்ர அடிவேரில இருப்பாள், சிவத்த நீட்டுத் தலைமயிர், ஒரு கை பொய்க்கை. அவள் உங்களை வெட்டினா உங்கட உயிர் குறையும், அதுவே போதாதெண்டு அவளுக்கு உயிர் கூடும், கேடயத்தில பட்டாலும் கூடும், அப்பிடி ஒரு அநியாயம். கேமை முடிக்க அவளை அடிக்கவே தேவையில்லை, சும்மா விட்டிட்டுப் போகலாம். ஆனா விட்டிட்டுப் போற ஆக்களைக் காட்டுங்கோ பாப்பம்.

இந்தக் கேம் வந்தது 2022 பெப்ரவரி 25. அடுத்த மாசம் கொழும்பில என்ன நடந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், ஏ பி சி எண்டு எழுத்துப் போட்டுக் குறூப் பிரிச்சு, ஆளாளுக்கு அட்டவணையைப் பிரிஜ்ஜில ஒட்டி வச்சிருந்த காலம். அந்த நேரம் பாத்துத்தான் என்ர சின்னம்மான்ர மகன் மலேனியாவிட்ட போய் நிண்டவன். வீட்டில ஒரு ரீவி. அதில அம்மம்மாக்கு சீரியல், இவனுக்கு மலேனியா, கரண்ட் இருக்கிற நேரமோ கொஞ்சம். கடைசியில அம்மம்மா சீரியலை விட்டுக்குடுத்தா, எழும்பிப் போகேல்ல, அதே கதிரையில இருந்து இதைப் பாக்கத் தொடங்கினா. பாத்தவ கேட்டா, "தம்பி, உவள் ஏன் உன்னை வெட்டுறாள்? நீ ஏன் அவளின்ர வீட்டுக்குப் போனனீ?"

எதிரணி அண்ணை கவனமாக் கேளுங்கோ, அதுதான் கதை பற்றின கேள்வி. அந்த உலகத்தின்ர பழங்கதையை எழுதினது ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், கதைக்கு ஆள் பஞ்சமில்லை. இவன் சொன்ன பதில் என்ன தெரியுமோ? "தெரியாது அம்மம்மா, வழியில நிண்டவள்."

ஒருநாள் பின்னேரம் மலேனியாக்கு உயிர் ஒரு நூல் அளவுக்கு வந்திட்டுது, இன்னும் ஒரு வெட்டு, இவன் மூச்சை அடக்கிக்கொண்டு கையை ஓங்க, டக். ரீவி இல்லை, ஃபான் இல்லை, லேன் முழுக்க இருட்டு. "ஐயோ" எண்டு ஒரு சத்தம் போட்டான், கடற்கரை ரெயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

இதை அம்மம்மான்ர பக்கத்தில இருந்து பாக்கவேணும் ஐயா. அவவுக்கு என்ன தெரிஞ்சது? இவன் கையை ஓங்கினவன், அவள் மறைஞ்சிட்டாள். அம்மம்மா கை தட்டுறா! "அடிச்சுப்போட்டாய் ராசா, உலகமே இருண்டு போச்சு பார்" எண்டுறா. இனிக் கீழ்வீட்டு அங்கிள். அவருக்கு இருட்டுக்குள்ள கேட்டது முதல்ல ஒரு "ஐயோ", அடுத்தது கிழவி கை தட்டுற சத்தம். மனுசன் ரோர்ச் லைட்டும் கொண்டு மாடிப்படி ஏறி ஓடிவந்து, "ஆருக்கு என்ன நடந்தது" எண்டு கேக்க, சின்னம்மா குசினிக்குள்ள இருந்து ஆறுதலாச் சொன்னா, "அது மலேனியா சாகேல்லையாம்." அங்கிள் கேட்டார், "எந்த ஆஸ்பத்திரியில?"

கரண்ட் வந்தாப் பிறகு பிளே ஸ்டேஷனைப் போட்டா அது என்ன சொல்லும்? "என்னை ஒழுங்கா நிப்பாட்டேல்ல" எண்டு எங்களுக்கே ஏசும். நாங்களோ நிப்பாட்டினம்? பிறகு எல்லாத்தையும் சரிபார்த்து உள்ள போனா மலேனியா முழு உயிரோட புதுப் பொம்பிளையா நிண்டுகொண்டு தனக்குத் தோல்வியே தெரியாதெண்டு சொல்லுவாள். தெரியாதுதான், தோக்கப் போற நேரத்தில கரண்ட் போனா எப்பிடித் தெரியும்?

ஆனா இந்த இழுபறிக்குள்ள ஒண்டு நடந்தது. அவள் ஒரு காலைத் தூக்கி மேல எழும்பினா சுழண்டு சுழண்டு வெட்டப் போறாள் எண்டு அம்மம்மாக்கு விளங்கிட்டுது. அவள் எழும்ப, இவ கதிரையில இருந்து "உருளு! உருளு!" எண்டு கத்துவா. இவன் பட்டனை அமத்துவான். கடைசியா ஒரு சாமம் கரண்ட் வந்த நேரத்தில அவள் விழுந்தது அந்த "உருளு" வோடதான். மலேனியா ஆர், அவளின்ர சகோதரன் ஆர், அந்த மரம் என்ன மரம், அந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. சின்னம்மா வீட்டில மீன்காரன் பெல் அடிச்சாலும் இப்ப அம்மம்மா "உருளு" எண்டுதான் சொல்லுறா.

இனி ஆர்தர் மோர்கனுக்கு வாறன், ஓடிவிடுவன் எண்டு நினைக்காதேங்கோ. ஆர்தரை விட எல்லாரும் அழுதது அவன்ர குதிரைக்கு, ஓமோ இல்லையோ? ஏன் அழுதம்? எத்தனை படத்தில எத்தனை குதிரை விழுந்து செத்திருக்கு, நாங்கள் பொப்கோர்ன் சாப்பிட்டுக்கொண்டு பாத்தனாங்கள். இந்தக் குதிரைக்கு நாங்கள் பிரஷ் போட்டனாங்கள், கரட் குடுத்தனாங்கள், வெருண்டா கழுத்தைத் தடவினனாங்கள், எல்லாத்துக்கும் ஒரு பட்டன், அதை அமத்தினது இந்த விரல். எக்ஸ்பெடிஷன் 33 இலயும் எதிரி அடிக்க வாற அந்தக் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள பட்டனை அமத்தாட்டி அடுத்த சீன் பாக்க நீங்கள் இருக்கமாட்டீங்கள் அண்ணை. கதை படலைக்கு உள்ள நிக்குது, திறப்பு விரலில இருக்கு.

டெட்ரிஸ், 1984 இல மொஸ்கோவில அலெக்ஸி பஜித்னோவ் செய்தது, கட்டை விழும், அடுக்கவேணும், கதை எண்டு ஒரு சொல்லும் இல்லை. அதின்ர பழைய நின்டெண்டோ பதிப்பை ஆர் விளையாடினாலும் கடைசியில கட்டை வந்து மூடிப்போடும், 2023 வரைக்கும் மனுசர் ஒருத்தரும் அதை முடிச்சதில்லை. 2023 டிசம்பரில அமெரிக்காவில 13 வயசுப் பெடியன் ஒருத்தன் விளையாடி விளையாடி அந்தக் கேமே மேல ஓட ஏலாமல் உறைஞ்சு நிக்கிற இடம் மட்டும் கொண்டுபோட்டான். அப்ப அவன் கத்தினது என்ன? "என்ர விரல் இருக்கிறதே எனக்குத் தெரியேல்ல" எண்டு. விரல்! பிறகு அதை அந்த மாசம் செத்துப்போன தன்ர தகப்பனுக்குச் சமர்ப்பணம் எண்டு சொன்னான். கதை இல்லாத கேம் அது, எதிரணி ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

நடுவர் ஐயா மணியில கை வைக்கிறார், கொஞ்சம் பொறுங்கோ ஐயா, இன்னும் ஒரே ஒரு கேம். பிரதர்ஸ், 2013 இல வந்தது, விளையாடாத ஆக்கள் காதைப் பொத்துங்கோ. அண்ணனும் தம்பியும், தகப்பனுக்கு மருந்து தேடிப் போகினம். கொன்ட்ரோலரின்ர இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி, ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில நீங்கள்தான் நடத்தவேணும். தாய் தண்ணியில மூழ்கிச் செத்ததால தம்பிக்குத் தண்ணியெண்டாப் பயம், ஆறு வந்தா அண்ணன்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டுதான் கடப்பான். வழியில அண்ணன் செத்துப்போறான். இடக்கைக்கு வேலை இல்லை. தம்பி தனிய மருந்தோட வாறான், திரும்ப ஒரு தண்ணி. வலப்பக்கத்தை எவ்வளவு அமத்தினாலும் இறங்கமாட்டான். அப்ப நீங்கள் ஒண்டும் தெரியாமல் அண்ணன்ர பக்கத்தை, அந்த இடப்பக்கத்தை அமத்துறீங்கள். அவன் நீந்துறான்.

என்ன, எதிரணியில ஒருத்தர் லேஞ்சி தேடுறார். பரவாயில்லை.

அந்தக் கேமைச் செய்த யோசெஃப் ஃபாரஸ்தான் பிறகு ஸ்பிளிட் ஃபிக்ஷனும் செய்தவர், 2025 மார்ச்சில வந்தது, அதைத் தனிய விளையாடவே ஏலாது, கட்டாயம் ரெண்டு பேர் வேணும். மலேனியாவை அடிச்ச அந்தச் சின்னம்மான்ர மகன் அதே 2022 கடைசியில ரொறன்ரோவுக்குப் போட்டான். ஏன் போனவன் எண்டு இந்த மண்டபத்தில ஆரும் கேக்கமாட்டீங்கள், உங்கட வீட்டிலயும் ஒருத்தர் போயிருப்பினம். அந்த ஸ்பிளிட் ஃபிக்ஷனை ஒருத்தர் வாங்கினா மற்றவர் சும்மா விளையாடலாம், டொலர்காரன் வாங்கினான், ரூபாக்காரி நான் ஓசியில. எனக்குச் சனி இரவு 9 மணி எண்டா அவனுக்குச் சனி காலமை 11.30. ரெண்டு பன்னியா ஓடிக் கடைசியில சொசேஜ் ஆகி அடுப்பில உருண்ட இடத்தில அவன் அங்க சிரிக்கிறான், நான் இங்க சிரிக்கிறன். ஃபோனில கதைச்சா "சாப்பிட்டியோ", "குளிரோ", "வேலை எப்பிடி", அதோட முடிஞ்சு போற பெடியன், விளையாடேக்க "அக்கா பாய், அக்கா பிடி, அக்கா நீ எப்பவும் இதிலதான் விழுறாய்" எண்டு ஓயாமல் ஏசுவான்.

போன கிழமை அதை முடிச்சம், சின்னம்மா வீட்டில இருந்து, அதே ரீவியில. திரை ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், ஒரு பாதியில அவன்ர ஆள், மற்றப் பாதியில என்ர ஆள், கடைசிக் கட்டத்தில அந்த நடுக்கோடே சரிஞ்சு சுத்தத் தொடங்கும், எந்தப் பாதி எவருடையதெண்டு கண்ணுக்குப் பிடிபடாது. சின்னம்மா என்ர கதிரைக்குப் பின்னால வந்து நிண்டவ. "இதில எது பிள்ளை அவன்?" எண்டு கேட்டா. காட்டினன். கொஞ்சநேரம் பாத்தா. "நல்லா ஓடுறான்" எண்டா. பிறகு "இண்டைக்குச் சாப்பிட்டானோ எண்டு கேள்" எண்டா.

அந்தக் கேமில வாற ரெண்டு பொம்பிளையளும் ஆர், என்னத்துக்கு ஓடினம், அண்ணை உங்களிட்டக் கேட்டா ஒரு மணித்தியாலம் சொல்லுவீங்கள். சின்னம்மாட்டக் கேட்டுப் பாருங்கோ. ஐயா ரெண்டாம் மணியும் அடிச்சிட்டார், நான் இருக்கிறன், நன்றி.