நெல் இலை எத்தனை பச்சை?

[காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு சம்பா வயல், காலை 8 மணி]

நடவு முடிந்து மூன்று வாரம். வரப்பில் மாமாவும் மருமகனும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

"பயிர் வெளிறிக் கிடக்குடா, யூரியா போடணும்."

"கருகருன்னுதானே மாமா இருக்கு!"

ஒரே வயல்தான். இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை. மாமா கிழக்கே பார்த்து நிற்கிறார். வெயில் இலைக்குள் புகுந்து வருவதால் அவருக்கு அது மஞ்சளோடிய இளம்பச்சை. சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கும் மருமகனுக்குக் கரும்பச்சை.

[காட்சி: ஓர் இலை, மிக நெருக்கத்தில்]

இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். பச்சையை அவ்வளவாகத் தொடாது. அந்த மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள். வகை மூன்றே மூன்று. இதில் எந்த ஒன்றுக்கும் தனியாக நிறம் தெரியாது. தன் மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும் சொல்லும். மூன்றும் சொல்வதை ஒப்பிட்டு 'பச்சை' என்று முடிவு கட்டுவது மூளை.

கூடவே ஒரு திருத்தமும் செய்யும். குண்டு பல்பு வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியிலிருந்து வருவது மஞ்சள் கலந்த ஒளி. நமக்கோ அது வெள்ளை வேட்டிதான். வெளிச்சத்தின் நிறத்தை மூளை கழித்துவிடுகிறது. உரம் போட இந்தச் சாமர்த்தியம் உதவாது. போன வாரப் பச்சையும் இன்றைய பச்சையும் ஒன்றா என்று கேட்டால் கண் உளறும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நுணுக்கமாகப் பிரித்துவிடும்.

[காட்சி: கையில் இலை வண்ண அட்டை]

அதற்குத்தான் இந்த அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட கட்டங்கள். மேலே முழுதாக விரிந்த இலையைப் பறிக்காமல் இதன் மேல் வையுங்கள், வெயில் படாமல் உங்கள் நிழலில். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும். கூம்பு செல்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சிவப்பு-பச்சைக் குழப்பம் ஆண்களிடம்தான் அதிகம், அதனால் அத்தை பார்த்தால் இன்னும் நல்லது!

எல்லைக் கோடு வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண் கட்டம், மற்ற ரகங்களுக்குப் பெரும்பாலும் 4. பத்து இலையில் ஆறு அதற்குக் கீழே வந்தால் தழைச்சத்து தேவை, அதாவது யூரியா போடலாம்.

மருமகன் குனிந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறான். ஏழு இலை குறைவு.

"சொன்னேன்ல?" என்கிறார் மாமா, இன்னும் சூரியனைப் பார்த்தபடியே.